நானூறு தாய்க்கொடிகளுக்குப் பொறுப்பேற்ற கையெழுத்து

ஐன் ஸர்கா திராட்சை ஆய்வு நிலையத்தின் நச்சுயிரிப் பிரிவுத் தலைவர் லல்லா நஸீஹா கர்ஸல்லா அவர்கள் பணிநிறைவு பெறும் இந்நாளில், நிலையப் பணியாளர்கள் பதினேழு பேரும் ஒருமனதாய் எழுதி வாசித்தளிக்கும் மடல்

கண்ணுக்குத் தெரியாத கள்வனைக் காம்பிலும் கணுவிலும் தேடிக் கையும் களவுமாய்ப் பிடித்த காவலே! பச்சை இலைக்குள் பதுங்கிய பழுதைப் பட்டை சுரண்டிப் பார்த்தறிந்த பண்பே! கெலிபியாக் கரையின் வெள்ளை மஸ்கட் திராட்சைக் குலைகளுக்கு இழந்த இனிமையை ஈட்டித் தந்த இன்முகமே! சொன்ன சொல் தவறென்று தெரிந்தால் அதைச் சொன்ன வாயாலேயே திரும்பப் பெற்ற வாய்மையே! லல்லா நஸீஹா அவர்களே! தங்கள்மீது சாந்தி உண்டாவதாக!

புகழுரைக்கு முன் ஒரு செய்தி. நாளை மறுநாள், ஜனவரி இரண்டு, வியாழன் காலை எட்டு மணிக்கு மூன்றாம் தாய்த் தோட்டத்தில் கவாத்துக் கத்தரி வைக்கிறோம். அங்கே நிற்கும் நானூறு மஸ்கட் கொடிகளிலிருந்து வெட்டும் குச்சிகள் கெலிபியாக் கரையில் அறுபத்திரண்டு குடும்பங்களின் நிலத்துக்குப் போகின்றன. ஒரே ஒரு தாய்க்கொடியில் இலைச்சுருள் வைரஸ் ஒளிந்திருந்தாலும், அது குச்சியோடு ஏறி, வண்டியோடு போய், யாரோ ஒரு குடும்பத்தின் முப்பது வருடத் திராட்சையில் குடியேறிவிடும். அந்த நானூறிலும் நோய் கிடைக்கவில்லை என்று டிசம்பர் ஐந்தாம் தேதி தாங்கள் சான்றிதழில் கையெழுத்திட்டீர்கள். மை காய்வதற்குள் ஆய்வகத்து ரௌதாவைக் கூப்பிட்டீர்கள்.

"நான் அஞ்சு கொடிக்கு ஒரு பைன்னு சேர்த்துத்தான் சோதிச்சேன். நான் போறதுக்குள்ள நீங்க ஒவ்வொரு கொடியையும் தனித்தனியா சோதிங்க. என்கிட்ட எதையும் காட்ட வேணாம். முடிவை மட்டும் என் முகத்துக்கு நேரா சொல்லுங்க."

"எப்ப சொல்லணும் லல்லா?"

"எப்ப வருதோ அப்ப. விருந்து நடந்துகிட்டிருந்தாலும் சரி, என் வாயில மக்ரூத் இனிப்பு இருந்தாலும் சரி."

முடிவு நேற்று நண்பகல் வந்துவிட்டது. அதை இம்மடலின் கடைசியில் வாசிப்போம். முதலிலேயே வாசித்தால் தாங்கள் மிச்சத்தைக் கேட்க நாற்காலியில் இருக்க மாட்டீர்கள். செருப்பைக் கழற்றி வயல் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். இது எங்கள் பதினேழு பேரின் ஒருமித்த கருத்து. பொறுத்தருள்க.

பணிச் செம்மையின் பாதுகாவலே!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது நவம்பர் இரண்டாம் நாள் தாங்கள் இங்கே வந்து சேர்ந்தபோது, ஆய்வகம் என்று சொல்லப்பட்ட அறையில் மேசை இரண்டும் குளிர்பெட்டி ஒன்றும் இருந்தன. குளிர்பெட்டியின் மேல்தட்டில் சோதனை மருந்து இருந்தது. கீழ்த்தட்டில் அந்நாளைய கிடங்குக் காப்பாளரின் மத்தி மீன் இருந்தது. மூன்றாம் நாள் மீன் வெளியேறியது. கிடங்குக் காப்பாளர் ஒரு வாரம் தங்களோடு பேசவில்லை என்றும், எட்டாம் நாள் அவரே வந்து, "மீனுக்கு இடம் இல்லாட்டி போகுது, எனக்காவது இந்தப் பக்கம் வர அனுமதி உண்டா?" என்று கேட்டதாகவும் பதிவேட்டில் இல்லாத வரலாறு ஒன்று சொல்கிறது.

அன்று தொடங்கிய ஒழுங்கு இன்றுவரை குலையவில்லை. மாதிரிப் பைகளில் பென்சிலால்தான் எழுத வேண்டும், மை பனியில் கரையும் என்றீர்கள், எழுதினோம். ஒவ்வொரு கொடிக்கும் நான்கு திசையிலிருந்தும் நான்கு குச்சி எடுக்க வேண்டும், வைரஸ் ஒரு கிளையில் இருந்து மறு கிளையில் இல்லாமல் இருக்கலாம் என்றீர்கள்; எடுத்தோம். சோதனையில் ஒன்றும் தென்படாத கொடிக்கு நேரே 'இல்லை' என்று நாங்கள் எழுதியபோதெல்லாம் அதை அடித்துவிட்டுக் 'கிடைக்கவில்லை' என்று எழுதினீர்கள். "இல்லைன்னு சொல்ல நாம யாரு? நமக்குக் கிடைக்கல, அவ்வளவுதான்" என்பது தங்கள் விளக்கம். இந்த ஒரு சொல்லுக்காக ரௌதா தம் முதல் ஆண்டில் இருநூற்றுப் பதினான்கு பக்கங்களைத் திரும்ப எழுதியிருக்கிறார். அதை இன்றும் எண்ணிக்கையோடுதான் சொல்லிக்காட்டுகிறார்.

பாராட்டு மடலில் குறை சொல்வது முறையன்று. ஆயினும் உண்மையை விரும்புபவர் தாங்கள் என்பதால் இரண்டை மட்டும் பணிவுடன் குறிப்பிடுகிறோம். ஒன்று, நிலையத்து வண்டியைத் தாங்கள் ஓட்டும்போது கண்கள் சாலையில் இருப்பதில்லை. இருபுறமும் உள்ள திராட்சைக் கொடிகளில் இருக்கின்றன. இரண்டு, பிறருடைய தோட்டத்தைத் தாண்டும்போது, கல்யாணத்துக்குப் போகும் வழியானாலும், இறங்கி ஒரு இலையைத் திருப்பிப் பார்க்காமல் தாங்கள் வந்ததில்லை. வயல் மேற்பார்வையாளர் சி ஷெத்லியின் மகள் திருமணத்துக்கு எல்லோரும் மருதாணிச் சடங்கன்று போய்ச் சேர்ந்தோம். தாங்கள் மறுநாள் வந்தீர்கள், கைப்பையில் பதினொரு இலைக்காம்போடு.

தன் பிழை மறைக்காத தகைமையே!

இங்கே கூடியிருப்போரில் பாதிப்பேர் இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஜனவரியில் இந்நிலையத்தில் இல்லை. ஆகவே அந்த நாளை எழுத்தில் வைப்பது எங்கள் கடமை.

அந்நாளில் முதலாம் தாய்த் தோட்டம் ஒன்றே இருந்தது. அதன் கொடிகளை முந்திய ஜூனில் தாங்களே சோதித்து, இலைச்சுருள் கிடைக்கவில்லை என்று கையெழுத்திட்டிருந்தீர்கள். அதை நம்பி இருபதாயிரம் குச்சிகள் வெட்டப்பட்டு, ஈரச் சாக்கில் கட்டப்பட்டு, வாசலில் அடுக்கப்பட்டிருந்தன. கெலிபியாவிலிருந்து ஒன்பது வண்டிகள் வந்து நின்றன.

ஆனால் நிலையத்தின் பின்கட்டில் தொட்டிகளில் சில கொடிகள் நின்றன. அவை கறுப்புத் திராட்சை. வெள்ளை மஸ்கட்டில் இலைச்சுருள் வந்தால் இலை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும்; குலை மட்டும் இனிக்காது, காலம் தாழ்ந்து பழுக்கும். அதே நோய் கறுப்புத் திராட்சையில் ஏறினால் இலையுதிர் காலத்தில் இலை ரத்தமாய்ச் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தாய்த் தோட்டத்துக் கொடியின் மொட்டை ஒரு கறுப்புக் கொடியில் ஒட்டுக்கட்டி இரண்டு இலையுதிர் காலம் காத்திருப்பது நம் வழக்கம். அந்தத் தொட்டிக் கொடிகளுக்கு சி ஷெத்லி வைத்த பெயர் 'ஒற்றன்'. "இந்த நாட்டுல நாம ஆசையா தண்ணி ஊத்தி வளர்க்கற ஒரே ஒற்றன் இவன்தான்" என்று, உண்மையான ஒற்றர்கள் ஊரெங்கும் இருந்த அந்நாளில், குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

முந்திய நவம்பரில் அவர் ஆய்வக வாசலில் வந்து நின்றார்.

"லல்லா, ஒற்றன் செவந்துட்டான்."

"எத்தனை தொட்டி?"

"ரெண்டு. மூணாவது யோசிச்சுகிட்டிருக்கான்."

அந்நாளைய தலைமை அதிகாரி, இலை குளிரில் சிவந்திருக்கும், இரண்டு தொட்டிக்காக ஒன்பது வண்டியை நிறுத்த முடியாது என்றார். தாங்கள் இலை உதிரும்வரை பொறுத்து, முற்றிய குச்சிகளை வெட்டி, பட்டை சுரண்டி வைத்துக்கொண்டு, சோதனை மருந்துக்குக் காத்திருந்தீர்கள். மருந்து துறைமுகத்திலிருந்து வந்து சேர ஜனவரி ஆயிற்று. வண்டிகள் வந்து நின்ற அன்று காலைதான் தட்டில் மருந்தூற்றினீர்கள். நோய் இருந்தால் குழி மஞ்சளாகும். பத்தரை மணிக்குத் தட்டின் குழிகள் ஒவ்வொன்றாய் மஞ்சளாயின. அறுபது மாதிரியில் பதினொன்று மஞ்சள்.

காரணத்தை அந்த நிமிடமே கண்டுவிட்டீர்கள். இன்னொரு வைரஸான விசிறி இலை நோயைத் தேட வசந்தத்தில் இளந்துளிரைக் கிள்ள வேண்டும். அதில்தான் அது மிகுதி. இலைச்சுருளோ இளந்துளிரில் இருந்தும் இல்லாததுபோல் இருக்கும். அதைத் தேட முதிர்ந்த அடியிலையோ முற்றிய பட்டையோ வேண்டும். பதின்மூன்று ஆண்டு விசிறி இலையோடு பழகிய தங்கள் கை, ஜூன் மாதத்தில் பழக்கத்தால் துளிரைக் கிள்ளி, ஒரே துளிரில் இரண்டு நோயையும் தேடிவிட்டது. இந்தத் தொழிலில் உள்ளவர் அன்றி வேறெவரும் செய்ய முடியாத பிழை அது.

தலைமை அதிகாரி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது சாளரம் வழியே எல்லோருக்கும் கேட்டது.

"வெள்ளைத் திராட்சை. இலையில தெரியாது. பத்து வருஷத்துக்கு யாருக்கும் தெரியாது நஸீஹா."

"பத்து வருஷம் கழிச்சு அவங்களும் இங்கதான் இருப்பாங்க, நானும் இங்கதான் இருப்பேன் ஐயா. எந்த முகத்தோட சலாம் சொல்றது?"

மஞ்சள் குழித் தட்டைக் கையில் ஏந்தியபடியே வாசலுக்கு வந்தீர்கள். விவசாயிகள் சங்கத்தின் சார்பில் வண்டியின் மேல் நின்றிருந்தவர் சி மஹ்ஜூப். இப்போது முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் அதே சி மஹ்ஜூப்தான். அன்று அவர் மீசை கறுப்பு.

"இந்தக் குச்சிய யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாது. இதுல நோய் இருக்கு" என்றீர்கள்.

"டாக்டரம்மா, ஜூன்ல சுத்தம்னு எழுதிக் குடுத்தீங்க. ஜனவரில அழுக்குன்றீங்க. நடுவுல கொடி குளிக்க மறந்துடுச்சா?"

ஒன்பது வண்டியும் சிரித்தது.

"கொடி மேல தப்பில்ல சி மஹ்ஜூப். நான் தப்பான இலைய கிள்ளிட்டேன்."

"யாரு?"

"நான். என் கையெழுத்துத்தான் தப்பு."

சிரிப்பு நின்றுவிட்டது. நிலத்தை உழுது, குழி தோண்டி, அந்த ஆண்டை அந்தக் குச்சிகளை நம்பி ஒதுக்கியவர்கள் அவர்கள். ஒருவர் தொப்பியைத் தரையில் அடித்தார். இன்னொருவர் தங்களைப் பார்த்து, இம்மடலில் எழுதுவதற்குத் தகாத ஒன்றைச் சொன்னார். தாங்கள் தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. ஒவ்வொரு வண்டியாகப் போய், எந்த வரிசைக் கொடி, எந்தக் குழி மஞ்சள் என்று காட்டி, அத்தனை பேரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னீர்கள். கடைசி வண்டியருகே சி மஹ்ஜூப் இறங்கி வந்தார்.

"சரி, நடறதுக்கு ஆகாது. அடுப்புக்காவது ஆகுமா? இல்ல ரொட்டியிலயும் இலை சுருளுமா?"

"அடுப்புக்கு ஆகும். நல்லா எரியும்."

இருபதாயிரம் குச்சியும் அந்தக் குளிர்காலத்தில் கெலிபியாவின் தபூனா ரொட்டி அடுப்புகளில் எரிந்தன. மூன்று வாரம் கழித்து நிலைய வாசலில் ஒரு துணிமூட்டை வந்து இறங்கியது. உள்ளே சூடு ஆறாத ரொட்டி ஆறு. மேலே ஒரு சீட்டு: 'இதைச் சோதிக்க வேண்டாம்.'

கரையெல்லாம் நடந்த கால்களே!

வாசலில் சொன்னதோடு நின்றிருந்தால் இம்மடல் இவ்வளவு நீளாது. அதன்பின் மூன்று குளிர்காலம் கரையோரத்துப் பழந்தோட்டங்களையெல்லாம் நடந்து தீர்த்தீர்கள். உப்புக் காற்றில் விரல் வெடிக்க எண்ணூற்று முப்பது கொடிகளில் பட்டை சுரண்டினீர்கள். மஞ்சளாகாத கொடிகள் நான்கு. நான்கே நான்கு! அவற்றின் நுனிமொட்டைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, ஒற்றனில் ஒட்டுக்கட்டிக் காத்திருந்து, மறுபடி சோதித்து, மறுபடியும் காத்திருந்து, இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மூன்றாம் தாய்த் தோட்டத்தில் நானூறு கொடிகளாய் நட்டீர்கள். நட்டதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் அது சோதிக்கப்பட்டே வருகிறது. முதல் குச்சியை இரண்டாயிரத்துப் பதினாறில் பெற்றவர் சி மஹ்ஜூப். அவருடைய மஸ்கட் இப்போது அண்டை நிலத்தைவிடப் பன்னிரண்டு நாள் முந்திப் பழுக்கிறது என்று அவர் சொல்கிறார். பத்து நாள் என்று நம் பதிவேடு சொல்கிறது. இருவரும் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை.

இனி, முடிவு.

ஒவ்வொரு கொடியையும் தனித்தனியே சோதித்தோம். மாதிரி எடுத்தவர் சி ஷெத்லி. தட்டு போட்டவர் ரௌதா. தட்டைப் படித்தவர் எந்தக் குழி எந்தக் கொடி என்று அறியாத மூன்றாமவர். பதினேழாம் வரிசை, ஒன்பதாம் கொடி, மஞ்சள்.

மூன்றுமுறை திரும்பச் செய்தோம். மூன்றுமுறையும் மஞ்சள். வெளிர்மஞ்சள், அண்மையில் ஏறிய நோய் என்று கருதுகிறோம். தங்கள் பையில் ஐந்தில் ஒன்றாய்க் கரைந்து தப்பியிருக்கிறது. சி ஷெத்லி அந்தக் கொடியின் பட்டையை உரித்துப் பார்த்தபோது உள்ளே இந்நோயைப் பரப்பும் மாவுப்பூச்சி நான்கு. வேலிக்கு அப்பாலிருந்து எறும்பு சுமந்து வந்திருக்க வேண்டும்.

நேற்று மதியம் ஆய்வகத்தில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். அதையும் மறைக்கவில்லை.

"விருந்து நாள்ல யாராவது இதைச் சொல்வாங்களா?" என்றார் சி ஷெத்லி. "கல்யாண மேடையில மைக் புடிச்சு, பொண்ணுக்கு ஒரு பல்லு கட்டின பல்லுன்னு சொல்ற மாதிரி இருக்கு. விருந்து முடிஞ்சு மறுநாள் சொல்லுவோம்."

"மறுநாள் அவங்க இந்த நிலையத்துல இல்ல. இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டு அவங்க கையெழுத்தத் திருத்தணும். அத அவங்க தாங்குவாங்களா?" என்றார் ரௌதா.

"இதத் தாங்குவாங்களா?"

"இதத்தான் கேட்டாங்க."

முதலில் விவசாயிகளுக்குத் தெரிய வேண்டும் என்பது தங்கள் விதி. ஆகவே சி மஹ்ஜூப்புக்குத் தொலைபேசினோம்.

"நானூறுல ஒண்ணா?" என்றார். "எனக்கு ஏழு பிள்ளைங்க, அதுல ரெண்டு சரியில்ல. நான் ஊர்ல யாருக்காவது ஃபோன் போட்டுச் சொன்னேனா? சரி, வியாழக்கிழம வண்டி வரலாமா, கூடாதா?"

"வரலாம்."

"லல்லாகிட்ட யார் சொல்றது?"

"மடல்லயே எழுதறோம்."

"அப்ப எனக்கு முன்வரிசையில எடம் வையுங்க. அவங்க மொகத்தப் பாக்கணும்."

அந்தக் கொடியையும், அதற்கு இருபுறமும் இரண்டிரண்டாக நான்கையும், தங்கள் பதிவேட்டில் எழுதியிருக்கும் முறைப்படி நேற்று மாலை நான்கு மணிக்கு வேரோடு எடுத்து எரித்தோம். மீதமுள்ள முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து கொடிகளில் வைரஸ் கிடைக்கவில்லை. அறுபத்திரண்டு குடும்பங்களுக்கும் குச்சி போதும், எண்ணிப் பார்த்துவிட்டோம்.

லல்லா! தங்களுக்குக் காட்டாமல், தங்கள் கையெழுத்தை நம்பாமல், தங்கள் நிலையத்திலேயே இருபத்தைந்து நாள் வேலை பார்த்தோம். அந்த நாட்களைப் போல் மகிழ்ச்சியாக நாங்கள் வேலை செய்ததில்லை. தங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒன்று எங்கள் கண்ணில் பட்டது. இதைவிடப் பெரிய பொன்னாடை எங்களிடம் இல்லை.

இனி காலையில் கடிகாரம் தங்களை எழுப்ப வேண்டாம், வெயில் எழுப்பட்டும். முழங்காலுக்கு ஓய்வும், கண்ணுக்கு நல்ல தூக்கமும், உணவுக்கு ருசியும், உள்ளத்துக்கு அமைதியும் வாய்க்கட்டும். தங்கள் கணவர் வண்டியை ஓட்டட்டும். தாங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, வேண்டிய இடத்திலெல்லாம் நிறுத்தச் சொல்லி இறங்கி இலை பாருங்கள். நூறாண்டு நலமாய் இருங்கள். அந்த நூறிலும் நோய் ஏதும் கிடைக்காமல் இருக்கட்டும்.

தங்கள் பணிக்காலம் இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. இப்போது மணி பதினொன்றே முக்கால். ஐந்து மணிவரை மூன்றாம் தாய்த் தோட்டத்துக்கு ஒப்பமிடும் உரிமை தங்களுடையதே.

என்றும் தங்கள் அன்பும் அதட்டலும் மறவாத,
ஆய்வகம், வயல், அலுவலகம், கிடங்கு, வாயிற்காவல் ஆகிய பிரிவுகளின் பணியாளர்கள் பதினேழு பேர்
ஐன் ஸர்கா
31 டிசம்பர் 2024, செவ்வாய்

இணைப்பு: மூன்றாம் தாய்த் தோட்டத்தின் சான்றிதழ், ஒன்று. 'நானூறு' என்பதை அடித்து 'முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து' என்று தங்கள் கையாலேயே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டுத் தரவும். பேனாவுடன் சி ஷெத்லி தங்கள் வலப்பக்கம் நிற்கிறார்.